பெடலைத் தேடிய கால்

சிறுநீரகக் கல்லை அதிர்ந்தே பொடியாக்கும் அல்ட்ராசானிக் குழலைக் கல்மேல் வைத்தேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் காலால் பெடலை அழுத்தினேன், சத்தமே இல்லை. நன்றாக மிதித்தேன். ம்ஹூம்!

"மெஷினை யாருமே பார்க்கிறதில்லையா?" என்று கத்தினேன்.

பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டர், அதாவது காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத என் மனைவி, மெல்லச் சொன்னாள்: "மெஷினுக்கு ஒண்ணுமில்ல. நீங்க மிதிக்கிறது என் காலை."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சமாதானத்துக்கு வர்றீங்கன்னு நினைச்சேன்."

நர்ஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய்க் குப்புறக் கிடந்த நோயாளி குரல் கொடுத்தார்: "கல்லு எங்கயும் ஓடிடாது டாக்டர். முதல்ல மன்னிப்புக் கேளுங்க."

கேட்டேன். உடனே பெடல் என் காலடிக்கு நகர்ந்து வந்தது. தள்ளிவிட்டது யாருடைய கால் என்று நான் குனிந்து பார்க்கவில்லை.