காத்திருக்காத மாவு

அவள் உள்ளே நுழைந்ததும் ரொட்டிக்கடைக்காரர் மூலையில் கிடந்த முக்காலியைக் காலால் முன்னே நகர்த்தினார்.

"வாங்கக்கா. உடம்பு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் தம்பி."

வழியெல்லாம் வேறு பதிலைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து சனிக்கிழமைதோறும் இங்கே அவளுக்கென்று ஒரு ரொட்டி தனியாக வேகிறது. கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். ஈஸ்ட் போட்ட மாவு ஈரத்துணிக்கு அடியில் இரவு முழுக்கப் பொறுமையாகப் பொங்கும். சோடா மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மோர் பட்டதும் அடுப்புக்குள் போயாக வேண்டும், தாமதித்தால் செங்கல்தான். வேறு யாரும் வாங்காத ரொட்டி என்பதால் அவள் முகத்தைக் கண்ட பிறகுதான் கடைக்காரர் மாவில் கை வைப்பார். அது வேகும்வரை அவள் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள். மற்ற நாட்களில் தையல் இயந்திரத்தின் சத்தம்தான் துணை. துணி கொண்டுவருகிறவர்கள் அளவைச் சொல்லிவிட்டு வாசலோடு போய்விடுவார்கள். தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும் அண்ணன், பதில் முடிவதற்குள் வைத்துவிடுவான்.

இரண்டு வாரத்துக்கு முன் மருத்துவர், "இனிமே எது வேணும்னாலும் சாப்பிடலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்து படியில் நின்றபோது, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தாள். கேட்டுச் சந்தோஷப்படக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் மட்டும் சொல்ல முடியாது. சொன்னால் முக்காலி போய்விடும்.

"என் பொண்டாட்டி சொல்றா, அவகிட்டப் பேசுறதவிட நான் மாவுகிட்டத்தான் அதிகம் பேசுறேனாம்." கடைக்காரர் மாவின் நடுவில் பறித்த குழியில் மோரை ஊற்றினார்.

"மாவு திருப்பிப் பேசாதுல்ல தம்பி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தன் சிரிப்பின் சத்தத்தை அவள் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த மிதப்பில், வருகிறவர்கள் ருசி பார்ப்பதற்காக மேசைமேல் வைத்திருந்த பன் துண்டுகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்று விழுங்கியும் விட்டாள்.

சிரிப்பு நின்றதை உணர்ந்துதான் நிமிர்ந்தாள். மாவு ஒட்டிய கைகளோடு அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது ஈஸ்ட்..."

"தெரியும்."

அவர் விரல்களில் ஒட்டிய மாவை உதிர்த்தார்.

"எப்பலேருந்து?"

"ரெண்டு வாரமாச்சு."

"நல்ல சேதிதானே. இதப் போயா மறைப்பாங்க?"

அவள் எழுந்து, முக்காலியைச் சுவரோரம் சத்தமில்லாமல் தள்ளி வைத்தாள். அவர் அந்த முக்காலியைப் பார்த்தார். பிறகு மாவைப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? மோர் ஊத்தியாச்சு. இனி இது நிக்காது. உக்காருங்கக்கா, வேகட்டும்."

உருட்டிய மாவின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடினார். கைகளைக் கழுவிக்கொண்டு அவர் அடுப்பருகே நின்றார். அவள் முக்காலியை மறுபடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்புக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால், செந்நிற வெளிச்சத்தில், அந்தக் கீறல் மெல்ல வாய் திறந்துகொண்டிருந்தது.