சத்தம் இருக்கா?

அந்த ஆஸ்பத்திரியில் என்னை ‘இடுக்கி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. டாக்டர் அறுக்கும்போது நோயாளி துள்ளாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தலைமாட்டில் ஒருவன், மார்புக்குக் குறுக்கே ஒருவன், இடுப்பில் ஒருவன், அறுபடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நான். அறுவைக்கு மயக்க மருந்து என்ற பேச்சே இல்லாத காலம். ஒரு வாய் சாராயம், பல்லுக்கு நடுவே ஒரு தோல் துண்டு, அப்புறம் நாங்கள் நாலு பேர். தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் நடமாடுவதே என் பிடியால்தான். அதற்கு நன்றியா சொல்லப் போகிறார்கள்?

பதினோரு வருஷத்தில் ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டேன். கத்துகிறவரைக்கும் உயிர் இருக்கிறது. சத்தம் நின்றால் ஆள் போய்விட்டான். பெரிய டாக்டர் அறுப்பதும் அதை வைத்துத்தான். முகத்தைப் பார்த்தால் கை தடுமாறும் என்று அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். கத்தல் கொஞ்சம் தேய்ந்தால் நிமிராமலே கேட்பார்: “சத்தம் இருக்கா?” இருக்கு என்றால் கத்தி ஓடும். இல்லை என்றால் நின்றுவிடும்.

அன்றைக்கு மேஜையில் படுத்திருந்தது என் அக்கா.

வண்டிச் சக்கரம் பாதத்தில் ஏறிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. விரலில் தொடங்கிய கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். வாய் ஓயாதவள், தூக்கத்தில்கூட யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்: “நீதான்டா பிடிக்கணும். வேற ஆளுன்னா கூச்சப்பட்டு அடக்கிக்குவேன். உன்னைன்னா வாய்க்கு வந்தபடி திட்டலாம்.”

சரி என்று தலையாட்டினேன்.

காலை பதினொரு மணிக்கு, கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேராக மேஜையில் விழும் நேரம், சின்ன டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியோடு வந்து நின்றார். வெளியூரில் படித்துவிட்டு அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

“இது ஈதர். இதை மோந்தா தூங்கிடுவாங்க. அறுக்கிறது தெரியாது. யாரும் பிடிக்க வேண்டாம்.”

“யாருக்காவது குடுத்துப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கே குடுத்துப் பாத்திருக்கேன்.”

பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். முடிவை அக்காவிடமே விட்டார். அவள் குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தூங்க வைக்கிறேன்னு சொல்றவரை வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? டேய், கையைக் கட்டிட்டு நில்லு. என்னைத் தொட்டே, எந்திரிச்சு வந்து உதைப்பேன்.”

எந்தக் காலால் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முகத்தில் துணியைப் போட்டு, சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இனிப்பும் காரமுமாக ஒரு நெடி. அக்கா துணிக்குள்ளிருந்து நெடியைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், என் பெயரைச் சொல்லி என்னவோ ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது.

“நாடி நல்லா இருக்கு,” என்றார் மணிக்கட்டைப் பிடித்திருந்த சின்ன டாக்டர்.

கத்தி தோலில் இறங்கியது. ரத்தம் வந்தது. சத்தம் வரவில்லை.

நாடியாவது மண்ணாவது. என் அக்கா காலை அறுக்கிறார்கள், அவள் வாய் திறக்கவில்லை. பதினோரு வருஷத்தில் அப்படி அமைதியாகக் கிடந்த ஒருவரும் வீடு திரும்பியதில்லை. என் கை தானாகப் பிரிந்தது. பாய்ந்து துணியைப் பிடுங்கி எறிந்தேன். கன்னத்தில் அறைந்தேன். “அக்கா, பேசுக்கா.”

அவள் முனகினாள். கால் வெட்டி இழுத்தது. கத்தி விலகி ரத்தம் என் சட்டை வரைக்கும் பீய்ச்சியது.

“பிடிங்கடா,” என்றார் பெரிய டாக்டர்.

என் ஆட்கள் மூவரும் அக்காவிடம் ஓடினார்கள்.

“அவங்களை இல்ல. இவனை,” என்றார் சின்ன டாக்டர்.

பிடித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த அதே பிடி. ஒருவன் கழுத்தில், ஒருவன் மார்பில், ஒருவன் இடுப்பில். சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். அசைய முடியவில்லை. சின்ன டாக்டர் துணியை எடுத்து மறுபடி போட்டுச் சொட்டு விட்டார். முனகல் அடங்கியது.

மறுபடி அமைதி. பெரிய டாக்டர் கத்தியோடு அப்படியே நின்றார். சின்ன டாக்டர், “அறுங்க சார், ரத்தம் போகுது,” என்று கெஞ்சினார். பெரியவர் கை நகரவில்லை. அமைதியில் அவர் ஒரு நாளும் அறுத்ததில்லை. வழக்கப்படி நிமிராமலே கேட்டார்: “சத்தம் இருக்கா?”

மேஜை விளிம்பிலிருந்து ரத்தம் தரையில் கொட்டியிருந்த மரத்தூளில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். யோசித்துக் கத்தினேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன், பயம்தான். அக்கா, அக்கா என்று அடிவயிற்றிலிருந்து வந்தது. மூன்று பேர் பிடிக்குள் கிடந்து திமிறித் திமிறிக் கத்தினேன். அந்தச் சத்தத்தில் பெரிய டாக்டரின் கை நகர்ந்தது. சதை, எலும்பு, தையல், எல்லாம் முடிகிறவரை நான் நிறுத்தவே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா கண் திறந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. நான் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அறுத்து முடித்த ஒவ்வொருவர் கையிலும் எங்கள் விரல்கள் நீலமாகப் பதிந்திருப்பதைப் பார்த்துப் பழகியவன் நான். இந்தக் கையில் ஒரு தடம் இல்லை.

அவள் என் கழுத்தையும் தோளையும் பார்த்தாள்.

“என்னடா இது, நீலம் பாரிச்சுக் கிடக்கு? யாரு பிடிச்சா?”

கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “நம்ம ஆளுங்கதான்,” என்றேன்.

அவள் அந்தத் தடங்களை மெல்லத் தடவினாள்.

“வலிக்குதாடா?”

பதினோரு வருஷம் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். ஒருவரிடமும் நான் அதைக் கேட்டதில்லை.

“வலிக்குதுக்கா,” என்றேன்.