ஸ்கேல் ஸாரும் பன்னிரண்டு சென்டிமீட்டர் ரயிலும்

"ஒரே ரயில்தானே மேடம்? முதல் படத்துல பன்னெண்டு சென்டிமீட்டர். அடுத்த ரெண்டுலயும் ஒம்பது. மிச்சம் மூணை யாரு கடிச்சுத் தின்னது?"

போனில் ஸ்கேல் ஸார். பதிப்பகத்தில் படங்களைச் சரிபார்ப்பவர். சட்டைப் பையில் பேனா இல்லாமல்கூட வருவார், ஸ்கேல் இல்லாமல் வரமாட்டார்.

அவள் பாடநூலுக்குப் படம் வரைகிறவள். சார்பியல் பாடத்துக்கு மூன்று படங்கள். முதலாவதில் ரயில் நிற்கிறது. ரயிலும் பிளாட்பாரமும் சம நீளம். மற்ற இரண்டிலும் அதே ரயில், ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் பாய்கிறது. பிளாட்பாரத்தில் நிற்பவர் அளப்பது ஒரு படம். ரயிலில் இருப்பவர் அளப்பது இன்னொன்று.

"வேகமாப் போனா நீளம் குறையும் ஸார். பாடமே அதுதான்."

"நாலு மணிக்குள்ள சரிபண்ணுங்க. இல்லேன்னா மிச்சம் ஏழு பாடத்தையும் வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

ஒரு முழுப் புத்தகம் அவள் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி ஸ்கேல் ஸாரைத் திட்டித் தீர்த்தாள்.

பக்கத்து அறையில் அவள் கணவன் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ரயில் ஓட்டுபவன்; மத்தியான ஷிஃப்ட். வந்து எட்டிப் பார்த்தான்.

"மூணாவது படத்துல நான் எங்க?"

"இன்ஜின்ல."

"அப்புறம் ஏன் என் வண்டி குட்டையா இருக்கு?"

"வேகமாப் போறீங்கல்ல?"

"யாரு போறா? நான் பாட்டுக்கு சீட்டுல உக்காந்திருக்கேன். ஸ்டேஷன்தான் விழுந்தடிச்சு ஓடி வருது. சுருங்கறதுன்னா அது சுருங்கட்டும். இருபது வருஷமா ஓட்டற வண்டிய இப்படி நறுக்கிட்டியே!"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டாவது படத்தின் ரயிலை அப்படியே எடுத்து மூன்றாவதில் ஒட்டியிருந்தாள். ரயிலில் இருப்பவருக்கு ரயில் பன்னிரண்டுதான், பிளாட்பாரம்தான் ஒன்பது. ஸ்கேல் ஸார் சொன்ன காரணம் தப்பு, ஆனால் தப்பு இருந்தது உண்மை. திட்டியதில் பாதியை மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவன் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான். அவள் மூன்றாவது படத்தைத் திருத்தினாள். இப்போது பிளாட்பாரமும் நீளம் மாறுகிறது. ஸ்கேல் ஸார் சும்மா விடுவாரா? யோசித்துவிட்டு, இரண்டாவது படத்தில் பிளாட்பாரத்தின் மேல் ஒரு மனிதரை நிறுத்தினாள். மூன்றாவதில் இன்ஜினுக்குள் ஒரு மீசைக்காரனை உட்காரவைத்தாள். இருவர் கையிலும் ஸ்கேல். கீழே 'இவர் அளந்தது' என்று எழுதி, நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

நாலேகாலுக்குப் போன்.

"பிளாட்பாரத்துல நிக்கிறது யாரு?"

"சும்மா, பொதுவா ஒருத்தர் ஸார்."

"பொதுவா ஒருத்தருக்கு இவ்வளவு வழுக்கையா?"

"குறைச்சிடட்டுமா ஸார்?"

தாள் சரசரத்தது. மேஜையில் ஸ்கேல் வைக்கும் சத்தம், இரண்டு தடவை.

"வேண்டாம். நான் நிக்கிற இடத்துலேர்ந்து ஒம்பதுதான் வருது. அந்த மீசைக்காரர் பன்னெண்டுங்கறாரா? அது அவர் பாடு." கனைத்துக்கொண்டார். "அடுத்த பாடம் என்னிக்குத் தர்றீங்க?"

பதில் சொல்வதற்குள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்டவாளத்தில் ரயில் ஹாரன் கேட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஸ்கேலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஓடும் ரயிலை அளக்கப் பார்த்தாள்.

இன்ஜின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, ஓடி வரும் அவர்கள் வீட்டை அது அளந்துகொண்டிருந்தது.