நாலாவது சம்மனசு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலைக் கட்டியது வெள்ளைக்காரத் துரைமார். கருங்கல் சுவர். பீடத்துக்கு முன்னால் நாலு தூண். ஒவ்வொரு தூணிலும் கைக்கு எட்டும் உயரத்தில், சுண்ணாம்புச் சாந்தில் செய்த சிறகு வைத்த ஒரு குழந்தைச் சம்மனசு முகம். மூன்று முகத்துக்குத் துரை வீட்டுப் பிள்ளைகளின் கூர்மூக்கு. நாலாவது மட்டும் எங்கள் சாடை.

பழைய நாலாவது முகம் கூரை ஒழுக்கில் ஊறி விழுந்த வருஷம், நீர்கொழும்பிலிருந்து சிற்பி வந்தார். வேடிக்கை பார்க்கப் போன என் மகள் ஜெசிந்தாவை நிறுத்திவைத்து அவள் முகத்தையே செய்துவிட்டார். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஆறு வயது. ஹட்டனுக்குக் கூட்டிப்போய் ஒரு படம் எடுக்கக்கூட எங்களுக்கு வசதிப்படவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தக் கன்னத்தைத் தடவிவிட்டுத்தான் வருவேன். பக்தி என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும். பெற்ற பிள்ளையையே கும்பிடுகிறாள் என்று சிரிக்க இவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அது அவள் முகம் என்று என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவரும் போய்ச் சேர்ந்தார். போனில் படம் பிடித்து வைக்கலாமே என்பீர்கள். படத்தில் கன்னத்தைத் தடவ முடியுமா?

போன ஞாயிறு, தூண்களுக்கெல்லாம் டைல் ஒட்டப்போவதாக ஃபாதர் அறிவித்தார். செலவு கட்டாரில் இருக்கும் என் மகன் சுமனுடையது. எல்லோரும் கை தட்டினார்கள். வேலை அடுத்த வாரம்தானே, அதற்குள் வெட்கத்தை விட்டு அது யார் முகம் என்று மகனிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

மழை விட்டதென்று லிந்துலை மேசன் முத்துலிங்கம் செவ்வாயன்றே வந்துவிட்டான். சத்தம் கேட்டு ஓடினேன். மூன்று முகம் அப்படியே இருந்தது. நாலாவது தூண் முகம் போய் மட்டமாக இருந்தது.

“ஒங்க மகன் சொல்லித்தாம்மா இதுல மொதல்ல கை வச்சேன். நீங்க எப்பவும் இங்கதான் கும்புடுவீங்களாமே.”

சுமனுக்குப் போன் போட்டேன், திட்டத்தான்.

“அம்மா, சொல்லாம ஒண்ணு செஞ்சிருக்கேன். அந்தத் தூணுல கறுப்புக் கல்லு வச்சு அக்கா பேரு போடச் சொல்லியிருக்கேன்.” அவன் குரல் உடைந்தது. “நான் கைப்புள்ளையா இருந்தப்பவே போயிட்டாங்க. மொகந்தான் எனக்குத் தெரியாது. பேராவது இருக்கட்டும்மா.”

பாவி மகனே என்று தொண்டைவரை வந்தது.

“நல்லது செஞ்சப்பா” என்றேன்.

முத்துலிங்கம் சாந்துத் தூளை வாரிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.