எக்கி நின்ற கரை

ஐப்பசி முழுக்க எங்கள் தோட்டத்து அணை எக்கி நின்றது. குதிகாலைத் தூக்கி, விரல்களை மண்ணில் ஊன்றி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் குதிகாலுக்கு அடியில் மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். தவளைகள் அந்தச் சந்தில் போய் வரும். தண்ணீர் மட்டும் வராது.

கல் அணை அல்ல, சிமெண்ட் அணை அல்ல. ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி மிதித்த கரை. மேலே அருகம்புல். எங்களுக்கே பாதி நாள் அது நினைவில் இருக்காது. அப்படிப்பட்டது எங்களுக்காக எக்கி நின்றதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எக்க வைத்தவர் என் வீட்டுக்காரர் ரங்கராசு. அணையில் கட்லா மீன் விட்டிருந்தார். மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக ஓரத்தில் ஒரு கலிங்கு உண்டு. மழையில் மீன் அந்த வழியாகப் போய்விடும் என்று குறுக்கே வலை கட்டினார். வலையில் சருகு மாட்டியது. தென்னை மட்டை மாட்டியது. யார் வீட்டுக் கல்யாணத்திலிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டது. கலிங்கு அடைத்து, தண்ணீர் கரையின் உச்சிக்கு ஏறியது. மண் கரைமேல் தண்ணீர் வழிந்தால் கரையே கரைந்து போகும். அதனால் அது எக்கியது. நானாக இருந்தால் முதலில் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அணைக்கு நேர் கீழே என் நாத்தனார் வசந்தாமணியின் வீடு. அணை போனால் முதலில் போவது அந்த வீடுதான். தினமும் காலையில் போன் செய்வாள்.

"அண்ணி, நிக்குதுங்களா?"

"நிக்குது."

"நானும் நிக்கறனுங்க."

அவளும் எக்கித்தான் நின்றாள். எக்கியபடியே சோறாக்கினாள். மாடுகளும் எக்கி நிற்பதால் பால் கறக்க வசதியாக இருக்கிறது என்றாள். இங்கே வந்துவிடு என்றேன்.

"அது நிக்கறப்ப நாம ஓடுனா நல்லாருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

கரையைப் பார்த்துச் சொல்ல இன்ஜினியர் திருமேனியை வரவழைத்தேன். வாசலிலிருந்து அணைக்குப் போகும் தடம் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. நடுவில் உட்கார்ந்து டீ குடித்தோம். கரை கண்ணில் பட்டதும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஊறுதுங்களா?" என்றார்.

"ஊறுதுங்க."

"தெளிவாவா, கலங்கலாவா?"

"தெளிவாத்தானுங்க."

"அப்பச் சரி. மண் கரைன்னா கொஞ்சம் வேர்க்கும். வேர்வையில மண்ணு வரக்கூடாது."

புல்லில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பாத்த கரையெல்லாம் ஒண்ணு நிக்கும், இல்லீன்னா ஒடையும். எக்குனத இப்பத்தான் பாக்கறனுங்க."

"எவ்வளவு நாள் தாங்குமுங்க?"

"ரோசம் இருக்கற வரைக்கும்" என்றார். பிறகு கூடவே வந்திருந்த ரங்கராசுவிடம் திரும்பினார். "வலை எதுக்குங்க?"

"மீனு போயிருமுங்க."

"போனா?"

"திரும்பி வராதுங்க."

"அணை போனா?"

"அணை எங்கீங்க போகும்? அது நம்ம அணை."

இன்ஜினியர் டீ டம்ளரைக் கழுவிக் குதிகாலுக்கு அடியில் பிடித்தார். சொட்டுச் சொட்டாக நிறைந்தது. அரை டம்ளர்வரை தெளிவாக வந்தது. அதற்கப்புறம் டீ நிறத்தில் வந்தது. டம்ளரை ரங்கராசுவின் கையில் கொடுத்தார். அதே நேரம் என் போன் அடித்தது.

"அண்ணி, மாட்டுக்கெல்லாம் கால் நடுங்குதுங்க."

"உனக்கு?"

"எனக்குந்தானுங்க."

ரங்கராசு டம்ளரைப் பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு கலிங்குக்குள் இறங்கினார். இன்ஜினியர் கரையிலிருந்து சொன்னார்: "மெதுவாங்க. தண்ணி சடார்னு எறங்குனா கரை உள்பக்கமாச் சரிஞ்சுரும்."

ரங்கராசு வலையை ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். முதலில் நாற்காலி போனது. மீன்கள் வரிசையாக வந்து நின்றன. எதுவும் முண்டியடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பெரிய கட்லா அவர் முன்னால் நின்றது.

"போயிட்டு வர்றமுங்க" என்றது.

"வர்றம்னு சொல்லுதுடி" என்றார் என்னிடம்.

ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு மீனும் அதையே சொல்லிவிட்டுத்தான் போனது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். அதனால் தண்ணீரும் மெதுவாகவே இறங்கியது.

தண்ணீர் இறங்கியும் அணை இறங்கவில்லை. எக்கியே பழகிவிட்டது.

"நீங்க சொல்லிப் பாருங்க" என்றார் இன்ஜினியர்.

நான் போய்ப் புல்லின்மேல் உள்ளங்கையை வைத்தேன். உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இதன் முதுகில் துணி காயப்போட்டிருக்கிறேன். ஒருநாளும் இப்படித் தொட்டதில்லை.

"போதும் சாமி. உக்காரு" என்றேன்.

அடியில் இருந்த தவளைகள் வெளியே வரும்வரை அது காத்திருந்தது. கடைசித் தவளை கொஞ்சம் நிதானமான பேர்வழி. அதுவும் வந்த பிறகுதான் அணை குதிகாலை இறக்கியது. நெல்மூட்டையை இறக்குகிற சத்தம் கேட்டது. இன்ஜினியர் மறுபடி டம்ளரைப் பிடித்தார். தெளிவாக வந்தது. அதை அவர் குடித்துவிட்டார்.

போன் வந்தது.

"அண்ணி, உக்காந்துட்டனுங்க."

"மாடு?"

"படுத்துருச்சுங்க."

போனை வைத்தபோது என் குதிகால் தரையைத் தொட்டது. அதை எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது.

ரங்கராசு மட்டும் கரைமேல் எக்கி நின்றுகொண்டிருந்தார். ஓடை திரும்பும் இடத்தில் புதர் மறைத்தது. மீன் வருகிறதா என்று அதற்கு அப்பால் பார்க்க முயன்றார். கூப்பிட்டேன். வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அவர் நின்ற இடத்தில் மட்டும், கரை எக்கிக் கொடுத்தது.