உலர்ந்த எடை

பூந்தமல்லி பழைய இரும்புக்கடை கலீல் ரகுமானை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேசக் கடைத்தெருவில் ஆளும் கிடையாது. தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய புளியை வாசனையிலேயே பிடித்துவிடுவார். ஒரு தடவை பேரீச்சம்பழக்காரனிடம் கொட்டையைக் கழித்து எடை போடச் சொல்லி, அரை நாள் நின்று வாதாடி, வாங்காமலேயே திரும்பியவர்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு குறை. மகள் ஜுலைகாவுக்கு இடம் அமையவில்லை. வருகிறார்கள், சேமியா சாப்பிடுகிறார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, பையனுக்கு இப்போது அவசரமில்லை என்று சொல்லியனுப்புகிறார்கள். மூன்று இடங்கள் இப்படி நழுவின. தன் சாமர்த்தியம் வெளியே சரியாகத் தெரியாததுதான் காரணம் என்று கலீல் முடிவு கட்டினார்.

நாலாவதாக வந்தது வெங்காய மண்டி ஹுமாயூன் வீடு. பையன் நல்ல பையன். ஜுலைகாவே கதவிடுக்கில் பார்த்துத் தலையாட்டிவிட்டாள். இதுவும் நழுவினால் நீங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று மனைவி மஹ்பூபா மிகவும் அமைதியாகச் சொல்லியிருந்தாள். அந்த அமைதிதான் கலீலைக் கலக்கியது. ஆகவே, தான் பேரம் பேசும் அழகை நேரில் பார்க்கட்டும் என்று, பையனின் அப்பா ஹுமாயூனை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கையோடு கூட்டிப்போனார்.

எண்பத்தேழாம் வருஷத்துச் சித்திரை வெயில். பற்பசையில் சேர்க்கும் இனிப்புப் பாகு செய்கிற கம்பெனி அது. குளுக்கோஸோடு ஹைட்ரஜனைச் சேர்க்க நிக்கல் தூள் போடுவார்கள். உழைத்து ஓய்ந்துபோன தூள் பன்னிரண்டு டிரம் பின்பக்கம் கிடந்தது. விற்கும் பொறுப்பு கெமிஸ்ட் ரகுநாதனுடையது. தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் நாலு பேனா, பேரம் என்ற வார்த்தையையே கேள்விப்படாத முகம்.

இந்தத் தூளுக்கு அங்கே என்ன வேலை என்று கலீல் விசாரித்தார்.

"இது வினையூக்கி, பாய். குளுக்கோஸும் ஹைட்ரஜனும் தானா சேராது. ரெண்டும் இது மேல வந்து உக்காந்தா சேந்துடும். சேத்துவெச்சிட்டு இது பாட்டுக்கு அப்படியே இருக்கும்."

தரகர் வேலை என்று கலீலுக்குப் புரிந்துவிட்டது. "கமிஷன் எவ்ளோ சார் எடுத்துக்கும்?"

"ஒண்ணும் எடுத்துக்காது."

கலீலுக்குச் சந்தேகம் தட்டியது அந்த இடத்தில்தான். கமிஷன் வாங்காத தரகனை அவர் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை.

டிரம்மைத் திறந்தார்கள். மேலே பாதிக்குத் தண்ணீர். அடியில் கறுப்புச் சேறு. கலீல் திரும்பி ஹுமாயூனைப் பார்த்துக் கண்ணடித்தார். பாலில் தண்ணீர், மணலில் தண்ணீர், பஞ்சில் தண்ணீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது; இப்போது உலோகத்திலேயே ஊற்றுகிறார்கள்.

தண்ணீர் இருந்தே ஆகவேண்டும் என்றார் ரகுநாதன். ஒவ்வொரு துகளும் தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்குமாம். ஈரம் போய்க் காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளுமாம். ஈரம் போக ஒரு டிரம்முக்கு அறுபது கிலோ என்று கம்பெனி நோட்டில் இருக்கிறது, அதற்குக் கொடுத்தால் போதும் என்றார். நோட்டில் எழுதியதற்கெல்லாம் தன் தராசு சாட்சி சொல்லாது என்றார் கலீல். தீப்பிடிக்கும் கதையையும் அவர் நம்பவில்லை. சரக்கைப் பிரித்துப் பார்க்க விடாமலிருக்க விற்கிறவன் சொல்லும் கதைகளில் அவர் கேட்காதது எது? தன் கண்ணெதிரே காயவைத்துத்தான் எடை போட வேண்டும் என்று இரண்டு நாள் நின்ற இடத்தில் நின்றார். ஹுமாயூன் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ரகுநாதன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். சரி, ஒரு டிரம்மை மட்டும் பின்சுவர் ஓரம் இரும்புத் தகட்டில் பரப்புவோம். யாரும் கிட்டே போகக்கூடாது. காய்ந்தபின் என்ன எடை நிற்கிறதோ, பன்னிரண்டு டிரம்முக்கும் அதுதான் கணக்கு. எழுதி நீட்டினார். கலீல் பேனாவைப் பிடுங்காத குறையாகக் கையெழுத்துப் போட்டார்.

"தண்ணிக்குக் காசு குடுக்க நாம இன்னா இளிச்சவாயங்களா மச்சான்?" என்றார் ஹுமாயூனிடம்.

பன்னிரண்டு மணி வாக்கில் சேற்றின் ஓரம் வெளுத்தது. பீடி நுனி மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அப்புறம் பத்து. அப்புறம் தகடு முழுக்க இஸ்திரிப் பெட்டிக் கங்கு போலக் கனன்றது. மண் வாளியோடு ஓடிய ஆட்களை ரகுநாதன் கை காட்டி நிறுத்தினார்.

"மண்ணைப் போடாதீங்கப்பா. பாய் கணக்குக் கெட்டுடும்."

ஆறுவதற்குச் சாயங்காலம் ஆயிற்று. கூட்டி அள்ளித் தராசில் வைத்தார்கள். எழுபத்தொரு கிலோ.

கலீல் தராசின் நாலு பக்கமும் சுற்றி வந்தார். தானே ஏறி நின்று பார்த்தார். அவருடைய எடையைச் சரியாகத்தான் காட்டியது.

"எரிஞ்சா கொறையணும் சார்."

"விறகுன்னா குறையும் பாய். உலோகம் எரியறப்போ காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்து வெச்சுக்கும். அந்தக் கனமும் சேந்துதான் இது."

"அப்போ காத்துக்கா சார் காசு கேக்கறீங்க?"

"நான் கேக்கலை. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அந்த முகத்தைக் கலீல் இப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

மிச்சம் பதினோரு டிரம்மையும் லாரியில் ஏற்றும்போது, டிரம்முக்கு இரண்டு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றச் சொல்லி அவரே கெஞ்சினார். வழி நெடுக ஹுமாயூன் வாயைத் திறக்கவில்லை. நாலாவது இடமும் போயிற்று என்று கலீல் கணக்கை முடித்துவிட்டார். வீட்டில் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. வேலப்பன்சாவடி அடிபம்பு பக்கத்தில் லாரியை நிறுத்தி, தானே தண்ணீர் அடித்து ஒவ்வொரு டிரம்மாக நிரப்பினார். ஹுமாயூன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"பொண்ணை எங்களுக்கு மொதல்லியே புடிச்சிப்போச்சு பாய். உங்களைக் கண்டுதான் பயம். சீரு செனத்தி பேச உங்க எதிர்ல எப்டி உக்கார்றதுன்னு எங்க ஊட்ல ஒரே பேச்சு. கல்யாண பிரியாணியக்கூட எலும்பு நீக்கி எடை போடுவாருன்னு எம் பொஞ்சாதி சொல்லிகினு கீறா. முன்னால வந்த மூணு பேரும் அதுக்குத்தான் ஓடிட்டானுங்க."

கலீல் பம்பு அடிப்பதை நிறுத்தினார்.

"இன்னிக்கு ஒரு கண்ணாடிக்காரன் உங்களைக் காத்துக்கே காசு கட்ட வெச்சிட்டான். எனக்கும் தைரியம் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை தேதி குறிச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, இந்த சேதிய மண்டியில சொல்லாம என்னால இருக்க முடியாது."

கலீலின் வாயில் பதில் வந்து நின்றது. சாதாரணப் பதில் அல்ல. எதிராளி நாலு நாள் தூங்க முடியாத பதில். அதை அப்படியே விழுங்கிவிட்டு, "தொழுகை முடிஞ்சதும் வந்துடுங்க" என்றார்.

எதிராளி சொன்ன முதல் விலைக்கே அவர் சரி என்றது அன்றைக்குத்தான்.