மரப்பாலத்து மனு

1968 ஆகஸ்ட் 14. மனுவில் பாலத்தின் கால் ஒன்றை இரண்டு முறை எண்ணிவிட்டேன். உளுத்த கால்கள் ஒன்பதல்ல, எட்டு.

நாட்குறிப்பில் எழுதிவிட்டு லாசரஸ் பேனாவை மூடினான். தான் படிக்கும் மாலை வகுப்புக்கு அன்று போகவில்லை. பல்லாவரம் ஏரிக்கால்வாயின் மேலிருந்த பழைய ரயில் மரப்பாலத்தை இடிக்கக் கூடாதென்று முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கியவன் அவன். ரயில்வேக்காரர்கள் பழுதுபார்ப்பார்கள் என்று நம்பி, உளுத்த கால்களை வரிசையாகக் குறித்து மனுவோடு இணைத்திருந்தான். அப்படியொரு பட்டியலை யாரும் கேட்கவில்லை. இன்று பதில் வந்துவிட்டது: தாங்களே தெரிவித்தபடி பாலம் அபாயமானது, திங்களன்று பிரிக்கப்படும்.

விஷயம் கேள்விப்பட்டு அஜீசா வந்தாள். தோல் பதனிடும் ஷெட்டுக்கு வேலைக்கு அவளும் மற்ற பெண்களும் அந்தப் பாலத்தின் மேல்தான் நடந்து போவார்கள்.

"அவன் இடிக்கக் காரணம் தேடிகினு இருந்தான். நீ லிஸ்ட்டே போட்டுக் குடுத்துட்டியேப்பா!"

"ஒண்ணு தப்பா எண்ணிட்டேன்க்கா. எட்டுதான்."

"எட்டுன்னா வுட்டுடுவானா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "மழை வந்தா ஏரியைச் சுத்தித்தான் போவணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவன் மறுபடி பேனாவைத் திறந்தான்.

நாளை சுதந்திர தினம், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் வீடுகளுக்குப் போய், அந்தப் பட்டியலைக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும்.